வாசகர் கேள்வி பதில்: பதவி வெறிதாக்கல் கடிதம் வந்தால்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. லீவு இல்லாமல் நின்றதால் அரசாங்க வேலை போய்விட்டது, இனி என்ன செய்வது என்று. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுக்கிறேன். வன்னியில் அரச அலுவலகங்களில் லிகிதராகவும் பிறகு பிரதம லிகிதராகவும் இருந்தவன் நான். லீவில்லாமல் நின்றவர் பதவியை விட்டுவிட்டதாகக் கருதி அலுவலகம் அனுப்பும் பதவி வெறிதாக்கல் கடிதங்களை நானே தட்டச்சுச் செய்து, பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டியிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது, ஓய்வுபெற்ற பிறகு ஆட்கள் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் படலையடிக்கு வரத் தொடங்கியபோதுதான் முழுதாகத் தெரிந்தது.

கேள்வி: ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மாகாணப் பாடசாலையில் ஆசிரியை. மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லீவு முடிந்தும் நாலு மாதம் அங்கேயே நின்றுவிட்டேன். அதிபருக்கு வட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். திரும்பி வந்தபோது பதவியை விட்டுப் போனதாகக் கடிதம் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. அது இடம்பெயர முன்னர் நாங்கள் இருந்த பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. பதினாறு வருடச் சேவை போய்விட்டதா?

பதில்: தங்கச்சி, முதலில் மகன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் சேவை போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இனி ஒரு நாளையும் வீணாக்கக்கூடாது.

அரச ஊழியர்களுக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையின் 5ஆம் அத்தியாயம், 7ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், அனுமதி பெறாமல் கடமைக்கு வராத உத்தியோகத்தர் வராத நாளிலிருந்தே பதவியை விட்டுவிட்டதாகக் கருதப்படுவார், அதை அவருடைய கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் உடனே அறிவிக்க வேண்டும். இதற்குக் குற்றச்சாட்டுப் பத்திரமும் தேவையில்லை, விசாரணையும் தேவையில்லை. அலுவலகங்கள் இதைச் சட்டென்று எடுப்பதற்குக் காரணமே அதுதான். முறைப்படி ஒழுக்காற்று விசாரணை வைத்தால் விசாரணை அதிகாரி, சாட்சி, எதிர்வாத உத்தியோகத்தர் என்று இழுபடும். இதென்றால் ஒரு பக்கக் கடிதத்தோடு காரியம் முடிந்துவிடும்.

ஆனால் அந்தப் பிரிவில் 'கருதப்படுவார்' என்ற சொல் இருக்கிறதே, உங்கள் வழக்கு முழுக்க அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. கருதுவதற்கு எதிராக ஆதாரம் காட்டலாம். வேலைக்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, வேலையை விட்டுவிடும் எண்ணமும் சேர்ந்திருந்தால்தான் பதவி வெறிதானதாகும் என்று நமது நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இலங்கைச் சட்ட அறிக்கைகளில் 1990ஆம் ஆண்டுத் தொகுதியில் எயார் லங்கா வழக்கும், 1996ஆம் ஆண்டுத் தொகுதியில் அரச பொறியியல் கூட்டுத்தாபன வழக்கும் இருக்கின்றன. இரண்டும் கூட்டுத்தாபன ஊழியர்களின் வழக்குகள்தான், இருந்தாலும் அந்தத் தத்துவத்தை உங்கள் மேன்முறையீட்டில் தாராளமாக எடுத்துச் சொல்லலாம். பிள்ளையின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அதிபருக்குக் கிழமைக்குக் கிழமை செய்தி அனுப்பிய ஒருவர் வேலையை விட எண்ணினார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வட்ஸ்அப் செய்திகளை இன்றைக்கே திகதி தெரியும்படி படம் பிடித்து அச்செடுங்கள், போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும். அதிபருக்குச் சொன்னது லீவு எடுத்ததாக ஆகாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உங்கள் எண்ணத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மகனின் கிளினிக் கொப்பி, வாட்டில் இருந்து விட்டபோது தந்த அட்டை, எல்லாவற்றிலும் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். அடுத்தது முகவரி. 2009க்குப் பிறகு எத்தனை முகவரி மாறினோம் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முகாம், உறவினர் வீடு, தகரக் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டம். சுயவிபரக் கோவையில் மட்டும் பழைய முகவரி அப்படியே கிடக்கும். உங்கள் இப்போதைய வதிவிடம் எப்போதிருந்து என்று கிராம சேவையாளரிடம் கடிதம் எடுங்கள். வீட்டுத்திட்டத்துக்கோ வேறு எதற்கோ அலுவலகத்துக்குப் புதிய முகவரி கொடுத்த கடிதம் ஏதாவது இருந்தால் தேடுங்கள். சம்பளப் பகுதிக்குக் கொடுத்த வங்கிப் படிவத்தில் புதிய முகவரி இருந்தாலே போதும், அது 'தெரிந்த முகவரி'தான்.

கோவையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, திரும்பி வந்த உறை, கோவையில் எழுதிய குறிப்புத் தாள் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து மேன்முறையீட்டைப் பிந்த விடாதீர்கள். இப்போதே விளக்கக் கடிதத்தை வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு எழுதி, ஒரு முற்பிரதியை ஆணைக்குழுவுக்கு நேரே பதிவுத் தபாலில் போடுங்கள். 'கடமையைப் பொறுப்பேற்கத் தயாராக இருக்கிறேன்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஆணைக்குழுவும் மறுத்தால் ஆளுநரிடம் போகலாம், 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது.

திரும்ப எடுத்தாலும் அந்த நாலு மாதத்தையும் சம்பளமற்ற லீவாகப் போடத்தான் பார்ப்பார்கள். அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். சேவை முறியாமல் இருந்தால் ஓய்வூதியம் தப்பும், அதுதான் பெரிய காசு.

கேள்வி: வவுனியா நகரில் இருந்து என்னைத் துணுக்காய்ப் பக்கம் மாற்றினார்கள். இது பழிவாங்கல். மேன்முறையீடு போட்டிருக்கிறேன். முடிவு வரும்வரை புதிய இடத்துக்குப் போகாமல் இருக்கலாம்தானே?

பதில்: இருக்கக்கூடாது தம்பி. இந்தப் பக்கத்தை வாசிக்கிற மற்றவர்களும் இதைக் கவனியுங்கள், ஏனென்றால் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் வேலையை இழந்தவர்களில் நான் கண்ட அநேகம் பேர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். மேன்முறையீடு போட்டதால் இடமாற்றக் கட்டளை தானாக நிற்பதில்லை. நிறுத்தி வைக்கிறோம் என்று எழுத்தில் வந்தால் மட்டும்தான் நின்றது. இலங்கைச் சட்ட அறிக்கைகளின் 1993ஆம் ஆண்டுத் தொகுதியில் கட்டடப் பொருட்கள் கூட்டுத்தாபன வழக்கு ஒன்று உண்டு. இடமாற்றிய இடத்துக்குப் போக மறுத்து வராமல் நின்றவர் பதவியை விட்டவராகவே எடுக்கப்படலாம் என்பதுதான் அதில் வந்த முடிவு. மேலே தங்கச்சிக்குச் சொன்ன 'எண்ணம்' என்ற வாதம் உங்களுக்கு அவ்வளவாக உதவாது, 'போகமாட்டேன்' என்பதே ஒரு எண்ணம்தான். 'எனது மேன்முறையீட்டுக்குப் பாதகமின்றி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே போய்க் கையெழுத்து வையுங்கள். மாங்குளத்தில் பஸ் மாறி மல்லாவி போய் அங்கிருந்து போகிற பாடு எனக்குத் தெரியும், நானும் அந்த வழியில் வேலைக்குப் போனவன். கஷ்டம்தான், ஆனாலும் போங்கள். அங்கே இருந்துகொண்டே இடமாற்றத்தை எதிர்த்துப் போராடலாம்.

கேள்வி: எனக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று விளங்குவதற்கே இரண்டு கிழமை போய்விட்டது.

பதில்: சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகள் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. உங்களுக்குத் தமிழில் கடிதம் பெற உரிமை இருக்கிறது. தமிழ்ப் பிரதி தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு போடலாம். ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை பதில் எழுதாமல் இருக்காதீர்கள். விளங்கிய அளவுக்குத் தமிழிலேயே விளக்கத்தை எழுதி, கடிதம் விளங்காத மொழியில் வந்ததையும் அதிலேயே குறிப்பிடுங்கள். பிந்தியதற்கு அது நல்ல காரணம்.

கேள்வி: நான் மத்திய அரசாங்கத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் வேலை செய்தவன். மனஅழுத்த நோய் வந்து மூன்று மாதம் போகவில்லை. பதவி வெறிதாக்கிவிட்டார்கள். அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு போட்டு அதுவும் நிராகரிக்கப்பட்டுவிட்டது. இனி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: மாவட்ட நீதிமன்றம் வேண்டாம். அரசியலமைப்பின் 61அ உறுப்புரை ஆணைக்குழுவின் தீர்மானங்களைச் சாதாரண நீதிமன்றங்கள் விசாரிப்பதைத் தடுக்கிறது. அதுவே திறந்து வைத்திருக்கும் வழிகள் இரண்டு.

முதலாவது நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, கொழும்புப் பக்கம் இருக்கிறது. ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவும் ரத்துச் செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. வன்னியில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நான் வேலை செய்த காலத்தில் எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆணைக்குழு உங்கள் மருத்துவ ஆவணங்களைப் பார்த்ததா, ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொன்னதா என்பதை அங்கே கேள்வியாக்கலாம். நியாயசபையும் பிழையாகத் தீர்மானித்தால் அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்யும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுவுக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது, 126ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. உங்களைப் போலவே நோயால் நின்ற வேறொருவரைத் திரும்ப எடுத்துவிட்டு உங்களை மட்டும் விட்டிருந்தால், அல்லது உங்கள் விளக்கத்தைப் பார்க்காமலே முடிவெடுத்திருந்தால் 12(1) உறுப்புரையின் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று போகலாம். ஆனால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வவுனியாவிலேயே அவர்களுடைய பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுச் சீட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் அது உதவாது. விசாரணை உண்மையில் நடந்தது என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டிவரும், அதனால் அவர்களிடமிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் நோயைப் பற்றி ஒன்று. மனநோய் என்று எழுத வெட்கப்பட்டு 'காய்ச்சல்', 'நாரிப்பிடிப்பு' என்று சான்றிதழ் எடுத்து வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறகு அந்தச் சான்றிதழே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. போரில் இவ்வளவையும் பார்த்த நிலத்தில் மனம் நோவதில் என்ன வெட்கம்? மனநல மருத்துவரின் கிளினிக் பதிவுகளோடு, உங்களை மருத்துவச் சபைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். அந்த மூன்று மாதம் ஒரு கடிதம் எழுதக்கூட முடியாத நிலையில் இருந்தீர்கள் என்று மருத்துவர் எழுதித் தந்தால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா நிலையத்துக்குப் போங்கள்.

கேள்வி: நான் ஒரு அரச கூட்டுத்தாபனத்தில் சாரதி. எனக்கும் இதே ஆணைக்குழுவா?

பதில்: இல்லை. கூட்டுத்தாபனம், சபை, கூட்டுறவுச் சங்கம் இவற்றின் ஊழியர்களுக்குத் தொழில் நியாயசபை இருக்கிறது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ், வேலை நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். நேரடி அரச ஊழியருக்கு அந்தக் கதவு இல்லை. உங்களுக்கு ஒருவகையில் நல்லது, அங்கே நியாயமும் ஒப்புரவும் பார்த்துக் கட்டளை போடுவார்கள், எண்ணம் பற்றிய வாதமும் அங்கே நன்றாக எடுபடும். ஆறு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: லீவில்லாமல் நின்றதற்காக வேலை நீக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருப்பதாக யூடியூப்பில் பார்த்தேன். அதைக் காட்டி வேலையைத் திரும்ப எடுக்க முடியுமா?

பதில்: அப்படி ஒரேயடியாக அவர்கள் சொல்லவில்லை. 2012இல் உளவுத்துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் அவர்கள் சொன்னது, வராமல் நின்றதைக் குற்றமாக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே நின்றார் என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும் என்பது. நோய், விபத்து போல அவருடைய கையை மீறிய காரணம் இருந்தால் அது வேண்டுமென்று நின்றதாகாது. அதற்கு முன்னர் 1993இல் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் வழக்கு வந்தது. எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் தானாக வேலை போகும் என்று அந்தத் தொழிற்சாலை தன் நிலையியற் கட்டளையில், அதாவது வேலை விதிகளில், எழுதி வைத்திருந்தது. ஒருவரின் பேச்சைக் கேட்காமல் அப்படி நீக்குவது இயற்கை நீதிக்கு மாறானது என்றார்கள். நமது தாபன விதிக்கோவையின் 7ஆம் பிரிவை வாசித்தவர்களுக்கு இந்த இரண்டாவது வழக்கு நெஞ்சில் படும்.

ஆனால் அந்தத் தீர்ப்புகள் நமது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வழிகாட்டலாக மட்டும் எடுத்துக் காட்டலாம். அங்கே அரசியலமைப்பின் 311ஆம் உறுப்புரையே விசாரணை இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது. இங்கே அந்தப் பாதுகாப்பைத் தாபன விதிக்கோவைக்குள்ளும் ஆணைக்குழு விதிகளுக்குள்ளும் தேடி எடுக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், முதலில் இலங்கைத் தீர்ப்புகளை வைத்துவிட்டுப் பிறகு இவற்றைச் சேர்க்கட்டும்.

கேள்வி: 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது வெளிநாடு போகச் சம்பளமற்ற லீவு தருகிறோம் என்றார்கள். விண்ணப்பம் கொடுத்தேன். அனுமதி வர முன்னர் விசா முடிந்துவிடும் என்று கட்டார் போய்விட்டேன். இப்போது வந்து நிற்கிறேன், வேலை இல்லை என்கிறார்கள். சுகமில்லாமல் இருந்ததாகச் சான்றிதழ் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். நீங்கள் போன நாளும் வந்த நாளும் குடிவரவுத் திணைக்களத்தின் பதிவில் இருக்கிறது, கேட்டால் ஒரு கடிதத்தில் வந்துவிடும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் லீவில்லாமல் நின்ற விஷயம் ஏமாற்று விஷயமாக மாறும், அதற்குப் பிறகு உங்களுக்காகப் பேச ஒருவரும் வரமாட்டார்கள்.

உண்மையை எழுதுங்கள். 2022 ஜூனில் வந்த 14/2022 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் போக இடம் கொடுத்தது, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல். நீங்கள் அதன்படி விண்ணப்பம் கொடுத்திருக்கிறீர்கள். விண்ணப்பத்தின் பிரதி, வெளிநாட்டு லீவுக்கான பொது 126 படிவம், அலுவலகம் ஏற்றுக்கொண்ட முத்திரை இவைதான் உங்கள் பிடி. வேலையை விட நினைத்தவன் லீவு கேட்டு எழுதமாட்டான் என்பது நல்ல வாதம். ஆனால் அனுமதி கிடைக்காமலே விமானம் ஏறியது பாரதூரமான பிழை, வெளியில் வேறு வேலை செய்தது உங்களுக்கு எதிராகப் பலமாக நிற்கும். அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் மேசையில் போட்டு வைத்திருந்தால் அதையும் திகதிகளோடு எழுதுங்கள். மேன்முறையீடு போடுங்கள், போட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் இருக்கும் கட்டார்க் காசை வழக்கை நம்பிச் செலவழிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு வையுங்கள்.

கேள்வி: என்ரை மனுசன் முல்லைத்தீவில் அரசாங்க வேலையில் இருந்தவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைக் காணவில்லை. இப்ப ஓய்வூதியம் கேட்கப் போனால் அவர் வேலையை விட்டுப் போனவர் என்று கோவையில் இருக்காம். அவர் எங்க போனவர் என்று எனக்கே தெரியாது ஐயா. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

பதில்: அக்கா, இந்தக் கடிதத்தை நான் பல தடவை வாசித்தேன். நீங்கள் சொல்வது போலக் கோவைகளில் அப்படி எழுதப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வராதவர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதம் போன காலம் அது. வர முடியாமல் போனவரை விட்டுப் போனவர் என்று எழுதியது பிழை, அதை அழிக்கும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மனம் வராத மரணச் சான்றிதழை யாருடைய அவசரத்துக்காகவும் எடுக்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டத்தை 2016இல் 16ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தினார்கள். அதன்படி இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமல் போயிருக்கிறார் என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் பதிவாளர் நாயகத்திடம் எடுக்கலாம். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் அதற்கு வழி சொல்வார்கள்.

பிறகு திணைக்களத் தலைவருக்கு எழுதுங்கள். கேட்பது இரண்டு: பதவி வெறிதாக்கல் கட்டளையை ரத்துச் செய்ய வேண்டும், அவரைக் காணாமல் போன உத்தியோகத்தராகப் பதிய வேண்டும். காசுக் கதை அதற்குப் பிறகு. அவரைக் கடைசியாகக் கண்ட இடமும் திகதியும், முகாமில் நீங்கள் குடும்பமாகப் பதிந்தபோது அவர் பெயரைக் காணவில்லை என்று சொன்ன பதிவு, அதற்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ பொலிசுக்கோ ஆணைக்குழுக்களுக்கோ கொடுத்த முறைப்பாடுகளின் இலக்கம், எது இருந்தாலும் சேருங்கள். அவர் கடைசியாகச் சம்பளம் எடுத்த மாதம் நினைவிருந்தால் எழுதுங்கள், சண்டை நெருங்கிய மாதங்களிலும் அவர் கடமையில் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

அவரோடு அந்த நாட்களில் ஒன்றாக வேலை செய்து, ஒன்றாக இடம்பெயர்ந்த இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். அவர்களில் சிலர் இன்னும் சேவையில் இருப்பார்கள், சிலர் ஓய்வுபெற்று புதுக்குடியிருப்பிலோ விசுவமடுவிலோ இருப்பார்கள். நடந்ததைச் சத்தியக்கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியவில்லை, எப்படித் தொடங்குவது என்று அவர்கள் கேட்டால் இந்த இதழின் முகவரிக்கு என் பெயருக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.